மூன்று இயங்குதளங்களுக்கு ஒரே டிஸ்க்: திறந்த மூல டிரைவரும் விலைக்கு வாங்கிய டிரைவரும்

லினக்ஸ் ஓடும் மேசைக் கணினி, விண்டோஸ் மடிக்கணினி, மேக் மடிக்கணினி. இந்த மூன்றுக்கும் பொதுவாக 4 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்று. எதில் செருகினாலும் திறக்க வேண்டும், எதிலிருந்தும் எழுத முடிய வேண்டும், எழுதியது மற்ற இரண்டிலும் பழுதில்லாமல் கிடைக்க வேண்டும். இப்போது அது நடக்கிறது, ஆனால் முதலில் போட்ட திட்டத்தின்படி அல்ல. எந்த டிரைவர் (டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் இயங்குதளத்துக்குத் துணைநிற்கும் நிரல்) வேகமாக எழுதுகிறது என்று அளக்கத் தொடங்கிய வேலை, எழுதும்போது கேபிள் பிடுங்கப்பட்டால் டிஸ்க்கைச் சரிசெய்யும் கருவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியில் போய் நின்றது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டிஸ்க்கில் ஏற்கெனவே விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் ஒழுங்கு, இருந்தது. பெரிய வீடியோக் கோப்புகள் சில நூறு, ஸ்கேன் செய்த பக்கங்களும் உரைக்கோப்புகளுமாகச் சிறியவை ஏராளம். முதல் வேலையாக முழு நகல் ஒன்றை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒரு பட்டியலாகச் சேமித்தேன். பிறகு எந்த இயங்குதளத்தில் எந்த டிரைவர் என்ன செய்திருந்தாலும், அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். இந்த வேலை முழுவதிலும் மிக உபயோகமாக இருந்த கருவி அந்தப் பட்டியல்தான்.

சோதனைகளை அசல் டிஸ்க்கில் செய்யவில்லை. சும்மா கிடந்த 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி 3.0 உறையில் போட்டுக்கொண்டேன். எஸ்எஸ்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சுழலும் டிஸ்க்கில் அளந்தால் டிஸ்க்கே மெதுவாக இருப்பதால் டிரைவர்களுக்கு இடையிலான வித்தியாசம் அதில் மறைந்துபோகும். சோதனைச் சரக்கு இரண்டு: 8 ஜிபி அளவுள்ள ஒற்றை வீடியோக் கோப்பு, 4 கேபி முதல் 40 கேபி வரையிலான சிறு கோப்புகள் நிறைந்த ஒரு கோப்புறை.

லினக்ஸில் தொடங்கினேன். அங்கே என்டிஎஃப்எஸ் எழுதுவதற்கு இரண்டு வழிகள். ஒன்று என்டிஎஃப்எஸ்-3ஜி. இதன் முதல் நிலையான பதிப்பு 2007இல் வந்தது. இது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுவதில்லை. ஃபியூஸ் என்ற இடைமுகத்தின் வழியாக ஒரு சாதாரண நிரலாக வெளியே ஓடுகிறது. இன்னொன்று என்டிஎஃப்எஸ்3. இது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர். 2021 அக்டோபரில் வெளியான 5.15 கெர்னலில் சேர்ந்தது. பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பது யாருடைய வசதிக்காக என்று தெரியவில்லை. இவை தவிர, பெரும்பாலும் படிக்க மட்டுமே தெரிந்த பழைய என்டிஎஃப்எஸ் டிரைவர் ஒன்றும் கெர்னலில் நெடுங்காலம் இருந்தது. 2024இல் வந்த 6.9 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

முதல் சுற்று அளவீட்டில் இரண்டு டிரைவர்களும் ஏறக்குறைய ஒரே வேகம் காட்டின. சந்தேகம் வந்து, எந்த டிஸ்க் எந்த வகையில் திறந்திருக்கிறது என்று காட்டும் ஃபைண்ட்மவுன்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு முறையும் கோப்பு முறைமை வகை ‘ஃபியூஸ்பிளாக்’ என்றே வந்தது. அதாவது இரண்டு முறையும் ஓடியது என்டிஎஃப்எஸ்-3ஜி. பல லினக்ஸ் வெளியீடுகளில், டிஸ்க்கைத் திறந்து இணைக்கும் மவுன்ட் கட்டளைக்கு வெறுமனே ‘என்டிஎஃப்எஸ்’ என்று வகை கொடுத்தால், அது துணைநிரல் ஒன்றின் வழியாக என்டிஎஃப்எஸ்-3ஜியிடம் போய்ச் சேர்கிறது. கெர்னல் டிரைவர் வேண்டுமென்றால் இறுதியில் 3 என்ற எண்ணைச் சேர்த்து வகையை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். கோப்பு மேலாளரில் சொடுக்கித் திறப்பவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு: டிஸ்க்குகளை இணைத்துத் தரும் யுடிஸ்க்ஸ் சேவையின் அமைப்புக் கோப்பில் எந்த என்டிஎஃப்எஸ் டிரைவருக்கு முன்னுரிமை என்று எழுதி வைக்கலாம். முதல் சுற்று எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் அளந்தேன். இரண்டு டிரைவர்களின் வேகத்தை ஒப்பிடும் எவரும் முதலில் ஃபைண்ட்மவுன்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நகல் முடிந்தது என்று திரையில் வரும் நேரத்தில் தரவின் பெரும்பகுதி இன்னும் நினைவகத்தில்தான் இருக்கும். எனவே நகலெடுத்த கையோடு சிங்க் கட்டளையைக் கொடுத்து, அது முடியும் வரை கடிகாரத்தை ஓடவிட்டேன். படிக்கும் வேகத்தை அளக்கும் முன் கெர்னலின் தற்காலிக நினைவகத்தைக் காலிசெய்தேன். இதைச் செய்யாவிட்டால் டிஸ்க்குக்குப் பதிலாக நினைவகச் சில்லின் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

8 ஜிபி கோப்பில் என்டிஎஃப்எஸ்-3ஜி முதலில் மோசமாகவே தோன்றியது. காரணம் டிரைவரைவிட அதன் இயல்புநிலை அமைப்பில் இருந்தது. எழுத வரும் தரவை ஃபியூஸ் 4 கேபி துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கெர்னலிலிருந்து வெளியே நிரலுக்கும், நிரலிலிருந்து திரும்பக் கெர்னலுக்கும் ஒரு பயணம். ‘பிக்ரைட்ஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பொதுவாக 128 கேபி வரை ஒரே தடவையில் போகிறது. அதைக் கொடுத்ததும் பெரிய கோப்பின் வேகம் என்டிஎஃப்எஸ்3ஐ நெருங்கிவிட்டது. செயலியின் உழைப்பு மட்டும் குறையவில்லை: டாப் கட்டளையில் பார்த்தால் டிரைவர் நிரல் ஒரு செயலிக் கருவை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துக்கொண்டிருந்தது. மேசைக் கணினியில் அது பொருட்டல்ல. பலகைக் கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ இதைச் செய்தால் வேகமே அதில்தான் அடிபடும்.

சிறு கோப்புகளில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. என்டிஎஃப்எஸ்3 முடித்த வேலைக்கு என்டிஎஃப்எஸ்-3ஜி இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்தது. பிக்ரைட்ஸ் இங்கே உதவுவதில்லை. 4 கேபி கோப்பை எழுத எப்படியும் 4 கேபி துண்டுதான். ஒவ்வொரு கோப்பையும் உருவாக்கி, பெயரிட்டு, நேரம் பதித்து மூடும் சின்னஞ்சிறு வேலைகளின் கூட்டுத்தொகையே அந்த நேரம்.

வேகத்தை மட்டும் பார்த்தால் இங்கேயே தீர்ப்பு எழுதியிருக்கலாம். அதற்கு முன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன்.

கோப்புறை பாதி நகலாகும்போது கேபிளை இழுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் செருகினேன். என்டிஎஃப்எஸ்3 மவுன்ட் செய்ய மறுத்தது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் பதிவில் காரணம் தெளிவாக இருந்தது: தொகுதி அழுக்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது, ‘ஃபோர்ஸ்’ விருப்பம் தரப்படவில்லை. எழுதத் தொடங்கும்போது டிஸ்க்கில் ஒரு அழுக்குக் கொடி ஏற்றப்படும். ஒழுங்காக அவிழ்த்தால் (அன்மவுன்ட் செய்தால்) அது இறக்கப்படும். கொடி ஏறியிருக்கிறது என்றால் கடைசி வேலை பாதியில் நின்றிருக்கிறது. ஃபோர்ஸ் கொடுத்தால் மவுன்ட் ஆகும். ஆனால் அது பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அந்த டிரைவரின் ஆவணமே சொல்கிறது. என்டிஎஃப்எஸ்-3ஜியோ அதே சோதனையில் ஒரு வார்த்தையும் பேசாமல் மவுன்ட் ஆனது. அது எனக்கு அதிகக் கவலையைத் தந்தது. பட்டியலோடு ஒப்பிட்டதில் நகலாகி முடிந்த கோப்புகள் சரியாக இருந்தன. கடைசியில் எழுதப்பட்டவற்றில் சிலவற்றுக்குப் பெயர் இருந்தது, அளவு இருந்தது, உள்ளே பூஜ்யங்கள்.

இரண்டு சோதனைகளுக்குப் பிறகும் டிஸ்க்கை விண்டோஸ் கணினிக்கு எடுத்துப்போய், விண்டோஸின் பழுதுநீக்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினேன். இரண்டு முறையும் திருத்தங்கள் இருந்தன. இரண்டு முறையும் அது சரிசெய்தது. இழந்த கோப்புகள் மீளவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. கோப்பு முறைமை மட்டும் சீராகிவிட்டது.

லினக்ஸிலேயே இதைச் செய்ய முடியாதா என்றுதான் அடுத்து பார்த்தேன். என்டிஎஃப்எஸ்-3ஜியோடு என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி வருகிறது. பலர் இதை செக்டிஸ்க்கின் லினக்ஸ் வடிவம் என்று நம்புகிறார்கள். அது செக்டிஸ்க் அல்ல என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. சில அடிப்படை முரண்களைத் திருத்தும், ஜர்னலை (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) காலிசெய்யும், விண்டோஸ் அடுத்து திறக்கும்போது சோதிக்கச் சொல்லி ஒரு குறிப்பை வைக்கும். அவ்வளவுதான். அழுக்குக் கொடியை இறக்குவதற்கு அதில் தனி விருப்பம் உண்டு. அதைக் கொடுத்தால் என்டிஎஃப்எஸ்3 மறுபேச்சின்றி மவுன்ட் ஆகும், ஆனால் உள்ளே இருக்கும் குழப்பம் அப்படியே இருக்கும். காய்ச்சல் மானியை உதறிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வது போன்ற வேலை அது.

ஜர்னல் விஷயத்தில் என்டிஎஃப்எஸ்3இன் நிலையையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் பாதியில் விட்டுப்போன ஜர்னலை மீண்டும் ஓட்டிச் சரிசெய்ய அதற்குத் தெரியும். தான் எழுதும்போது முழுமையான ஜர்னல் வைத்துக்கொள்வது மட்டும் செய்யவேண்டியவை பட்டியலில் இருப்பதாக அதன் ஆவணம் சொல்கிறது. எனவே மின்சாரம் போனாலோ கேபிள் நழுவினாலோ, விண்டோஸில் எழுதும் என்டிஎஃப்எஸ்ஸுக்கு இருக்கும் பாதுகாப்பு லினக்ஸில் எழுதும் என்டிஎஃப்எஸ்ஸுக்கு இல்லை. கோப்பு முறைமையின் பெயர் ஒன்றுதான். அதன் குணத்தில் பாதி டிரைவரின் கையில் இருக்கிறது.

திறந்த மூலம், வணிகம் என்று இரண்டு அணியாகப் பிரித்துப் பார்க்கும் என் பழக்கமும் இந்தக் கட்டத்தில் குழம்பியது. என்டிஎஃப்எஸ்3 ஒரு வணிக நிறுவனம் எழுதியது. பாராகன் நிறுவனம் விற்றுவந்த தொழில்நுட்பத்தை 2020 ஆகஸ்டில் கெர்னலுக்குத் தர முன்வந்தது. ஏறத்தாழ 27,000 வரிகள். ஒரே மூட்டையாக வந்ததால் முதலில் பிரித்துத் தரச் சொன்னார்கள். 2022இல் அதைப் பராமரிக்க யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி கெர்னல் வட்டாரத்தில் எழுந்தது. பிறகு திருத்தங்கள் மீண்டும் வரத் தொடங்கின. மறுபக்கத்தில், என்டிஎஃப்எஸ்-3ஜியை வளர்த்தவர்களின் டக்ஸேரா நிறுவனம் அதே கோப்பு முறைமைக்கு விலைக்கு விற்கும் டிரைவர் ஒன்றையும் வைத்திருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி, ரவுட்டர் போன்ற சாதனங்களைச் செய்பவர்கள்தான் இத்தகைய டிரைவர்களின் பெரிய வாடிக்கையாளர்கள். ஆக, திறந்த மூலமா என்ற கேள்வியோடு, இன்று அதற்குப் பொறுப்பேற்று உட்கார்ந்திருப்பது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் பக்கத்தில் சொல்ல அதிகம் இல்லை. என்டிஎஃப்எஸ் அதன் சொந்த வீடு. ஒன்றே ஒன்று: விண்டோஸில் ‘வேகத் தொடக்கம்’ இயங்கினால், கணினியை அணைப்பது உண்மையில் பாதி உறக்கம்தான். அந்த நிலையில் விண்டோஸ் கணினியின் உள் டிஸ்க்கையோ, செருகியபடியே விட்ட வெளி டிஸ்க்கையோ லினக்ஸில் திறந்தால் என்டிஎஃப்எஸ்-3ஜி படிக்க மட்டும் அனுமதிக்கும். அதைத் திட்டாதீர்கள், அது செய்வது சரி. வேகத் தொடக்கத்தை நிறுத்திவிட்டேன்.

மேக்தான் உண்மையான தலைவலி. மேக்ஓஎஸ் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைத் தானாகவே திறக்கும், ஆனால் படிக்க மட்டும். எழுத மூன்று பாதைகள் தெரிந்தன: ஃபியூஸின் மேக் வடிவமான மேக்ஃபியூஸ் மேல் என்டிஎஃப்எஸ்-3ஜி, விலைக்கு வாங்கும் டிரைவர், டிரைவரே இல்லாமல் வலையமைப்பு வழியாக எழுதுவது.

திறந்த மூலப் பாதையை முதலில் எடுத்தேன். அது நினைத்த அளவுக்குத் திறந்ததாக இல்லை. மேக்ஃபியூஸின் கெர்னல் பகுதியின் மூல நிரல் இப்போது திறந்து தரப்படுவதில்லை. பயன்படுத்த இலவசம், ஆனால் வணிக மென்பொருளோடு சேர்த்து வழங்க அனுமதி பெற வேண்டும். அதோடு, ஆப்பிள் சில்லு உள்ள மேக்கில் வெளியாரின் கெர்னல் நீட்சியை ஏற்ற வேண்டுமென்றால் கணினியை மீட்புநிலையில் தொடங்கி, பாதுகாப்பு அளவைக் குறைத்து, அடையாளம் தெரிந்த உருவாக்குநர்களின் கெர்னல் நீட்சிகளை அனுமதிக்கும் பெட்டியில் குறியிட வேண்டும். செய்தேன். வேலை செய்தது. பெரிய கோப்புகளைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறு கோப்புகள் நிறைந்த கோப்புறையை நகலெடுக்கவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். கோப்புகளைத் தொகுத்து நிறுவும் வேலை முழுவதும் முனையத்தில்தான். ஒவ்வொரு முறை செருகும்போதும் மேக் தன் சொந்தப் படிக்கும் டிரைவரில் முந்திக்கொண்டு திறந்துவிடும். அதை அவிழ்த்துவிட்டு நம்முடையதில் மீண்டும் ஏற்ற வேண்டும். இதற்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன்.

பிறகு விலைக்கு விற்கும் டிரைவர் ஒன்றைச் சோதனைக் காலத்தில் போட்டுப் பார்த்தேன். பெயர் இங்கே தேவையில்லை. சொல்ல வேண்டிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன்: செருகியதும் திறந்தது, பெரிய கோப்புகள் மேக்கின் சொந்தக் கோப்பு முறைமையில் எழுதுவதற்கு நெருக்கமான வேகத்தில் போயின, சிறு கோப்புகளிலும் ஃபியூஸ் வழியைக் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் பின்னால் விட்டது. எனக்குப் பிடித்தது வேகம் அல்ல. சோதித்துச் சரிசெய்யும் கருவி அதனோடு வந்தது. கேபிளைப் பிடுங்கிய டிஸ்க்கை அது சரிசெய்த பிறகு விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டினேன். திருத்த எதுவும் இல்லை என்றது. இதுவரை தொட்ட கருவிகளில் விண்டோஸுக்கு வெளியே அந்தத் தேர்வில் தேறியது அது ஒன்றுதான்.

உரிமத்தை வாங்கினேன். சில காலம் நிம்மதியாகப் போயிற்று. மேக்ஓஎஸ் அடுத்த பெரிய பதிப்புக்குப் போனதும் டிஸ்க் மறுபடியும் படிக்க மட்டும் என்றாகிவிட்டது. புதிய பதிப்பு டிரைவர் வேண்டும். அதற்கு உரிமத்தையும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் ஒரு கணினிக்கு மட்டும். மேக்கை மாற்றினால் பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் செயல்படுத்த வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் உரிம விதிகளில் இருந்தது. ஆனாலும் இயங்குதளத்தை மேம்படுத்தும் நாளை என் டிஸ்க்கின் டிரைவர் முடிவு செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. விலையைக் கணக்கிடும்போது முதல் தொகையைப் பார்க்காமல், இயங்குதளத்தின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஒரு தொகை என்று எழுதிப் பார்க்க வேண்டும். மேக் ஒன்றையே வைத்திருப்பவர் என்றால் அப்படியும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சரிசெய்யும் கருவிக்காக மட்டுமே அது தகும்.

ஆப்பிள் மேக்ஓஎஸ் 15.4இல் எஃப்எஸ்கிட் என்ற சட்டகத்தைக் கொண்டுவந்திருக்கிறது. கோப்பு முறைமை டிரைவரைக் கெர்னலுக்கு வெளியே எழுத அது வழிசெய்கிறது. மீட்புநிலைச் சடங்குகள் இனிமேல் குறையலாம். என் வேலைக்கு அது வரும்வரை காத்திருக்க முடியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் என்ன? மூன்று இயங்குதளங்களும் அதை எழுதும். மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள் அது முறையாக வந்தது. 2020இல் வெளியான 5.7 முதல் சாம்சங் எழுதிய டிரைவர் இருக்கிறது. சோதனை எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட்டாக வடிவமைத்து அதே இரண்டு சரக்கையும் ஏற்றினேன். பெரிய கோப்பு பிரமாதம். கோப்புறை ஏறிய பிறகு டிஸ்க்கில் போயிருந்த இடத்தைப் பார்த்தால் கணக்கு உதைத்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் தொகுதியை விண்டோஸ் இயல்பாக 128 கேபி கொத்துகளாகப் பிரிக்கிறது. கோப்பு எவ்வளவு சிறியதானாலும் ஒரு முழுக் கொத்தைப் பிடித்துக்கொள்ளும். என்டிஎஃப்எஸ்ஸில் இது 4 கேபி. ஒரு லட்சம் 4 கேபி கோப்புகள் என்டிஎஃப்எஸ்ஸில் ஏறக்குறைய 400 எம்பி இடம் பிடிக்கும். எக்ஸ்ஃபேட்டில் அவையே சுமார் 12 ஜிபிக்கு மேல் போகும். வடிவமைக்கும்போதே சிறிய கொத்து அளவைத் தேர்ந்தால் தப்பிக்கலாம். பிறகு மாற்ற வழியில்லை.

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. கேபிளைப் பிடுங்கியபோது லினக்ஸ் எச்சரிக்கை ஒன்றைப் பதிவுசெய்துவிட்டு மவுன்ட் செய்தது. மேக்கில் டிஸ்க்கின் சின்னம் வெகுநேரம் வரவே இல்லை. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். செயல்பாட்டுக் கண்காணிப்பில் பார்த்தால் எஃப்எஸ்சிகே நிரல் பின்னணியில் சோதித்துக்கொண்டிருந்தது. பொறுமையாக விட்டால் வந்துவிடும். அந்த நேரத்தில் மறுபடியும் கேபிளைப் பிடுங்குவதுதான் மோசமான யோசனை. எக்ஸ்ஃபேட்டுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: சரிசெய்யும் கருவி மூன்று பக்கமும் இருக்கிறது. லினக்ஸில் எக்ஸ்ஃபேட்புரோக்ஸ் தொகுப்பு, விண்டோஸில் செக்டிஸ்க், மேக்கில் அதன் சொந்தக் கருவி. என்டிஎஃப்எஸ்ஸுக்கு இல்லாத வசதி இது.

இடையில் எதிர்பாராத ஓர் இடத்தில் நேரம் போனது: கோப்புப் பெயர்கள். சில கோப்புறைகளில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிந்தன. ‘தொகுப்பு’ என்று ஒன்று, அதன் கீழேயே ‘தொகுப்பு’ என்று இன்னொன்று. ஒன்று பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்தது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்: ‘தொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாக இருப்பதற்குப் பதில், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகிவிடும். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. திரையில் ஒரே எழுத்து. என்டிஎஃப்எஸ்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். டிரைவர்கள் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேக்கில் சில வழியிலேயே மாற்றிக்கொடுக்கின்றன, லினக்ஸ் டிரைவர்கள் கிடைத்ததை அப்படியே எழுதுகின்றன. கான்வ்எம்வி என்ற கருவியில் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் விருப்பம் உண்டு. முதல் ஓட்டத்தில் அது எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறது என்று மட்டும் காட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டே உண்மையான ஓட்டத்தைக் கொடுத்தேன். இனி மேக்கிலிருந்து பழைய டிஸ்க்கை நகலெடுப்பதென்றால் நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கின் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் விருப்பத்தோடு எடுப்பேன்.

பெயரின் நீளமும் இடித்தது. என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 யுடிஎஃப்-16 (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறை) அலகுகள். தமிழில் ஒரு குறியீட்டுக்கு ஓர் அலகு. லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4இல் 255 பைட்டுகள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஆகவே 85 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கண்ணால் எண்ணினால் ஐம்பது சொச்சம் எழுத்துகளிலேயே கதவு மூடிவிடும். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும் ஒப்பீடுகளில் இது ஒருநாளும் தென்படாது. நீளமான கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்திருந்தவை எக்ஸ்ட்4 நகலில் ஏறவே இல்லை. அவற்றைக் கையால் சுருக்கினேன்.

கடைசியில் அமைந்த ஏற்பாடு இது. 4 டிபி டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸாகவே இருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ் கணினியில், என்டிஎஃப்எஸ்3 வழியாக. என்டிஎஃப்எஸ்-3ஜி தொகுப்பையும் நீக்கவில்லை. அதோடு வரும் கருவிகளில் என்டிஎஃப்எஸ்குளோனும் என்டிஎஃப்எஸ்இன்ஃபோவும் எனக்குத் தேவைப்படுகின்றன. ஃபோர்ஸ் விருப்பத்தை எந்த அமைப்புக் கோப்பிலும் எழுதவில்லை. என்டிஎஃப்எஸ்3 மவுன்ட் செய்ய மறுத்தால் டிஸ்க் விண்டோஸுக்குப் போகிறது, செக்டிஸ்க் ஓடுகிறது, திரும்பி வருகிறது. திறந்த மூல டிரைவரின் பின்னால் வணிக நிறுவனத்தின் பழுதுநீக்கும் கருவி நிற்பது விசித்திரம்தான், ஆனால் இன்றைக்கு நிலைமை அதுவே. மேக் அந்த டிஸ்க்கைத் தொடுவது, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் சம்பா வழியாக, லினக்ஸ் கணினியின் மூலம். கம்பி வலையமைப்பில் பெரிய கோப்புகளுக்கு வேகம் போதும். மேக் டிரைவரின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பாதுகாப்பு அளவையும் பழைய முழு நிலைக்கே ஏற்றிவிட்டேன். கையில் எடுத்துப்போக, சோதனைக்குப் பயன்பட்ட அந்த எஸ்எஸ்டி 32 கேபி கொத்துகளோடு எக்ஸ்ஃபேட்டாக மாறிவிட்டது. அதில் இருப்பவை எல்லாம் நகல்கள் மட்டுமே.

அடுத்த முறை புதிய டிஸ்க் வாங்கும்போது என்டிஎஃப்எஸ்ஸில் தொடங்க மாட்டேன். டிஸ்க் அதிக நேரம் வாழப்போவது லினக்ஸ் கணினியில் என்றால் எக்ஸ்ட்4 போடுவேன்: ஜர்னல் உண்டு, எழுதும் டிரைவரும் சரிசெய்யும் கருவியும் ஒரே வட்டாரத்திலிருந்து வருகின்றன. விண்டோஸ் 11இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக அதை மவுன்ட் செய்யலாம். உள்ளே ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல் என்பதால் மூன்றாம் தரப்பு டிரைவர் எதுவும் தேவையில்லை. இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும், டிஸ்க்கின் ஒரு பகிர்வை (பார்டிஷன்) மட்டும் கொடுக்க முடியாது, முழு டிஸ்க்கையும் ஒப்படைக்க வேண்டும். யுஎஸ்பி பென் டிரைவ்களையும் கார்டு ரீடர்களையும் அது ஏற்பதில்லை. உறையில் போட்ட டிஸ்க்கை வாங்கும் முன் செருகிப் பார்த்துக்கொள்வது உத்தமம். மேக்குக்குச் சம்பா இருக்கவே இருக்கிறது. அந்த டிஸ்க்குக்கும் முதல் வேலை ஷா-256 பட்டியல், இரண்டாவது வேலை 85 குறியீட்டுக்கு மேற்பட்ட பெயர்களைத் தேடிப்பிடிப்பது.